திரட்டிய அளவீடுகளை நிரலகத்துக்குள் எந்த வடிவில் வைப்பது?

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரையிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டாரத்திலும் உள்ள பால் குளிர்விப்பு மையங்களில் வைக்கும் சிறு கருவிகளுக்கான டெலிமெட்ரி நிரலகம் (அளவீடுகளைத் திரட்டித் தொலைவுக்கு அனுப்பும் லைப்ரரி) ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. கருவி மூன்று வகை எண்களைத் திரட்டுகிறது: வந்து சேர்ந்த பாலின் அளவு, தொட்டியின் வெப்பநிலை, ஓர் உறுப்பினரின் பாலை எடை போட்டுத் தரம் பார்த்துச் சீட்டு அச்சிட ஆகும் நேரம்.

திரட்டிய எண்களை வெளியே அனுப்பும் பகுதிக்கு, அதாவது எக்ஸ்போர்ட்டருக்கு, எந்த வடிவில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. எனக்கு முன்பு இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்ட்ரக்ட் (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் வடிவம்) வைத்திருக்கிறார்கள். மதிப்பு, எண்ணிக்கை, கூட்டுத்தொகை, பக்கெட் பட்டியல் (மதிப்புகளை வீச்சு வீச்சாகப் பிரித்து எண்ணியது), தொடக்க நேரம், முடிவு நேரம் என அத்தனையும் அதில் உண்டு. அத்தனையும் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்த வகைக்கு எந்தப் புலம் நிரம்பியிருக்கும் என்பது ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறதே தவிர, கம்பைலருக்குத் தெரியாது. நேற்று சோதனைக்காக மூன்று தொட்டிகளின் வெப்பநிலையைக் கொடுத்துப் பார்த்தேன். நான்கு டிகிரி, நான்கு டிகிரி, நான்கு டிகிரி. எக்ஸ்போர்ட்டர் பன்னிரண்டு டிகிரி என்று கூட்டி அனுப்பியது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

இதை மாற்ற வேண்டும். டிரெய்ட் ஆப்ஜெக்டாக (உண்மையான வகையை மறைக்கும் பொது உறையாக) வைத்து, வாங்குபவர் உண்மையான வகைக்கு இறக்கிப் பார்க்கலாம். அல்லது ஈனம் (enum; இருக்கக்கூடிய வகைகளைக் கிளைகளாகப் பட்டியலிடும் வடிவம்) வைத்துக் கிளை பிரிக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். கருவியின் நினைவகம் சிறியது. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து மையங்களில் சிம் அட்டை ஒரு நேரம் கேரளக் கோபுரத்தையும் மறுநேரம் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் பிடிக்கும். மாறும்போது இணைப்பு அறுந்துவிடுகிறது. இதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

சித்தூர்ப்புழை எழுதியது:

தம்பி, ஈனமா டிரெய்டா என்பது இரண்டாவது கேள்வி. திரட்டிய எண் எதைச் சொல்கிறது என்பது முதல் கேள்வி. அதைத் தீர்த்துக்கொண்டால் வடிவம் பாதி தானாகவே வந்துவிடும்.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டில் அளந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீரைத் தமிழ்நாடு கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆயக்கட்டுக்குக் கொடுக்க வேண்டும். நீர் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. மணக்கடவில் "இப்போது 300 கன அடி போகிறது" என்றால் அது கேஜ். அந்த நொடியின் நிலை. நேற்றைய 300ஐயும் இன்றைய 300ஐயும் கூட்டி 600 கன அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஜூலை 1 முதல் இதுவரை 3 டிஎம்சி வந்திருக்கிறது" என்றால் அது கியூமுலேட்டிவ் கூட்டுத்தொகை. "இந்த வாரம் மட்டும் இவ்வளவு வந்தது" என்றால் டெல்டா. ஜூலை 1 என்ற தொடக்கத்தை எடுத்துவிட்டால் 3 டிஎம்சி என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. அது போதுமா, குறைவா, யாராலும் சொல்ல முடியாது. ஜூலை பிறந்ததும் எண் சுழியத்துக்குப் போகும். நீர் திரும்பி மலையேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் அல்ல.

ஆகவே கூட்டுத்தொகை என்ற வகைக்குள் மூன்று கட்டாயம் இருக்க வேண்டும்: தொடக்க நேரம், டெல்டாவா கியூமுலேட்டிவா என்ற குறிப்பு, ஏறு முகமாக மட்டும் போகுமா இறங்கவும் செய்யுமா என்ற குறிப்பு. கேஜ் வகைக்கு இந்தக் குறிப்புகள் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நின்றுவிடாமல், அந்தப் புலங்களே அங்கே இருக்கக் கூடாது என்பேன். புலம் இருந்தால் யாராவது நிரப்புவார்கள், வேறு யாராவது அதைப் படிப்பார்கள். உங்கள் பன்னிரண்டு டிகிரி அப்படிப் பிறந்ததுதான்.

வாளையார் எழுதியது:

சித்தூர்ப்புழை ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வடிவத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

டிரெய்ட் ஆப்ஜெக்ட் வேண்டாம். ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொது டெலிமெட்ரித் தரத்தின் ரஸ்ட் நிரலகமே முதலில் அப்படித்தான் இருந்தது. திரட்டிய தரவு ஒரு டிரெய்ட் ஆப்ஜெக்டுக்குள் இருக்கும், எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு வகையாக இறக்கிப் பார்க்க வேண்டும். பிறகு ஈனமுக்கு மாறினார்கள். காரணம் எளிது. இறக்கிப் பார்ப்பது என்றால் "நீ முழு எண் கூட்டுத்தொகையா? இல்லையா? மிதவைப் புள்ளிக் கூட்டுத்தொகையா? இல்லையா? ஹிஸ்டோகிராமா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவது. ஒரு வகையைக் கேட்க மறந்தால் அந்தத் தரவு சத்தமில்லாமல் கீழே விழும். கம்பைலர் தடுக்காது, சோதனையும் அநேகமாகப் பிடிக்காது. மையத்தில் இருப்பவர் திரையைப் பார்த்து "இன்று பால் வரவில்லையா?" என்று கேட்கும்போதுதான் தெரியும். ஈனத்தில் ஒரு கிளையை விட்டால் நிரல் கம்பைல் ஆகாது.

கோ மொழியில் ஈனம் இல்லாததால் வேறு வழி கண்டார்கள். இன்டர்ஃபேஸுக்குள் வெளியே தெரியாத ஒரு மெத்தடை வைத்துவிட்டார்கள். வெளியார் புது வகை சேர்க்க முடியாது. அடைத்த பட்டியல்தான், ஆனால் எல்லாக் கிளையையும் பார்த்தாயா என்று கம்பைலர் கேட்பதில்லை. பைத்தானில் யூனியன், அதாவது "இந்த வகைகளில் ஒன்று" என்ற அறிவிப்பு. அனுப்பும் புரோட்டோகாலின் புரோட்டோபஃபிலும் (செய்தியின் வடிவ வரையறையிலும்) "இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும்" என்ற அமைப்புதான். மொழிக்கு மொழி உடை மாறினாலும் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: வகைகளின் பட்டியல் சிறியது, அடைத்தது.

நகரி எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு மாற்றுக் குரல். அடைத்த பட்டியல் என்று வாளையார் அக்கா உறுதியாகச் சொல்கிறார்கள். நாளை ஒரு புது வகை வந்தால்? எக்ஸ்போனென்ஷியல் ஹிஸ்டோகிராம் பின்னால் வந்து சேர்ந்ததுதானே. ஈனத்தில் ஒரு கிளை சேர்த்தால் உங்கள் நிரலகத்தை நம்பி எக்ஸ்போர்ட்டர் எழுதிய எல்லோருடைய நிரலும் உடையும். உடையாமல் இருக்க "இன்னும் கிளைகள் வரலாம்" என்ற குறியை ஈனத்தின் மேல் போட்டால், வெளியார் எல்லோரும் "மற்றவை" என்ற கிளையை எழுதியே ஆக வேண்டும். அப்போது நீங்கள் பயந்த அதே சத்தமில்லாத இழப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும்.

வாளையார் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். பொதுவெளியில் ஆயிரம் பேர் பயன்படுத்தும் நிரலகத்துக்கு அந்தக் குறியைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கேயும் "மற்றவை" கிளையில் ஒரு பதிவு எழுதி, கைவிட்ட தரவுகளை ஒரு கவுண்ட்டரில் எண்ணலாம்; சத்தம் வந்துவிடும். கொழிஞ்சாம்பாறைத் தம்பியின் எக்ஸ்போர்ட்டர்கள் எல்லாம் அவர் கையிலேயே இருக்கின்றன. அவருக்கு உடைவதுதான் நன்மை. புது வகை சேர்க்கும் நாளில், திருத்த வேண்டிய இடங்களைக் கம்பைலர் ஒவ்வொன்றாகக் காட்டட்டும்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அக்கா. ஈனம் என்று முடிவு செய்துவிட்டேன். எண்ணின் வகையில் தடுமாறுகிறேன். பால் லிட்டரில் வருகிறது, பின்னம் உண்டு. சீட்டுகள் முழு எண். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழும் போகலாம். எல்லாவற்றையும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வைத்துவிட்டால் கிளைகள் குறையும். அப்படிச் செய்யலாமா?

சித்தூர்ப்புழை எழுதியது:

வேண்டாம். 64 பிட் மிதவைப் புள்ளி எண் 9007199254740992 வரைக்கும்தான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்திருக்கும். அது 2இன் 53ஆம் அடுக்கு. சீட்டு எண்ணிக்கை அதை எட்டாது. ஆனால் பைட்டுகளையும் நானோ விநாடிகளையும் கூட்டும் கவுண்ட்டர்கள் எட்டும். நானோ விநாடியில் அது ஏறத்தாழ 104 நாள்தான். எட்டிய பிறகு ஒன்றைக் கூட்டினால் மதிப்பு நகராமலே நிற்கும்.

பாலுக்கு வேறு ஓர் ஆபத்து உண்டு. 0.1 என்ற எண்ணை இரும எண் முறையில் துல்லியமாக எழுத முடியாது. ஒவ்வொரு சீட்டாகக் கூட்டிக்கொண்டே போனால், சங்கத்தின் பேரேட்டுக்கும் திரையில் தெரியும் தொகைக்கும் கடைசி இலக்கங்களில் வேறுபாடு வரும். விவசாயிக்குப் பணம் பட்டுவாடா ஆகும் எண்ணோடு உங்கள் எண்ணை யாராவது ஒப்பிடத்தான் போகிறார்கள். மில்லி லிட்டராகவோ கிராமாகவோ முழு எண்ணில் கூட்டுங்கள். அலகை மெட்ரிக்கின் (அளக்கும் ஒவ்வொரு வகை எண்ணின்) விவரத்தில் எழுதுங்கள்.

வாளையார் எழுதியது:

ஐயா சொன்னபடி செய்தால் மூன்று எண் வகைகள் தேவைப்படும்: குறியில்லா முழு எண், குறியுள்ள முழு எண், மிதவைப் புள்ளி. இந்தப் பிரிவை எந்த அடுக்கில் வைப்பது என்பதைக் கவனமாக யோசிக்க வேண்டும். ஓப்பன்டெலிமெட்ரியின் அனுப்பும் புரோட்டோகாலில் ஒவ்வொரு தரவுப் புள்ளியும் தான் முழு எண்ணா மிதவையா என்று தனித்தனியாகச் சொல்கிறது. கம்பியில் போகும் தரவுக்கு அது சரி. நிரலகத்துக்குள் அப்படி வைத்தால் ஒரே மெட்ரிக்கின் ஒரு புள்ளி முழு எண்ணாகவும் அடுத்தது மிதவையாகவும் இருக்க வடிவம் இடம் கொடுத்துவிடுகிறது. நிஜத்தில் அப்படி நடக்காது. ஒரு மெட்ரிக்கை நிரலில் உருவாக்கும்போதே அதன் எண் வகை முடிவாகிவிடுகிறது. நடக்காத ஒன்றுக்கு வடிவத்தில் இடம் கொடுக்கக் கூடாது.

ரஸ்ட் நிரலகம் இப்போது வைத்திருக்கும் அடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே எண் வகைக்கு ஓர் ஈனம், மூன்று கிளை. ஒவ்வொரு கிளைக்குள்ளும் எண் வகையை ஜெனரிக்காக (எந்த எண் வகைக்கும் பொருந்துமாறு) ஏற்கும் இன்னோர் ஈனம், நான்கு கிளை: கேஜ், கூட்டுத்தொகை, ஹிஸ்டோகிராம், எக்ஸ்போனென்ஷியல் ஹிஸ்டோகிராம். எக்ஸ்போர்ட்டர் வெளியே ஒரு முறை எண் வகையைப் பிரித்துவிட்டு, உள்ளே ஒரே ஜெனரிக் ஃபங்ஷனை அழைத்தால் போதும். ஜாவாவில் இரண்டையும் ஒரே பட்டியலில் தட்டையாக வைத்திருக்கிறார்கள்: முழு எண் கேஜ், மிதவைக் கேஜ், முழு எண் கூட்டுத்தொகை என்று. படிக்க எளிது. ஆனால் அந்த மொழிக்கு ஏற்ற வழி அது. ரஸ்டில் ஜெனரிக் கையில் இருக்கும்போது எதற்குத் தட்டையாக்க வேண்டும்?

நேரத்தையும் புள்ளிதோறும் வைக்காதீர்கள். ஒரு தடவை திரட்டும்போது எல்லாப் புள்ளிகளுக்கும் தொடக்கமும் முடிவும் ஒன்றேதான். கூட்டுத்தொகை மட்டத்தில் ஒரு முறை எழுதினால், புள்ளியில் ஆட்ரிபியூட்டுகளும் (மையம், வேளை போன்ற அடையாளக் குறிப்புகளும்) மதிப்பும் மட்டும் மிஞ்சும். சிறு நினைவகத்தில் இது நல்ல மிச்சம்.

நகரி எழுதியது:

மதிப்புகளைப் பக்கெட் பக்கெட்டாக எண்ணி வைக்கும் ஹிஸ்டோகிராம் பற்றி யாரும் பேசவில்லையே. தவறு அதிகம் நுழையும் இடம் அதுதான்.

எல்லைகள் N என்றால் பக்கெட்டுகள் N+1. கடைசி எல்லைக்கு மேலே உள்ளவற்றுக்கு ஒரு பக்கெட் கூடுதலாக வேண்டும். இரண்டு வெக்டர்களைப் பொதுப் புலங்களாகத் திறந்து வைத்தால் இந்தக் கணக்கு என்றாவது தப்பும். புலங்களை மூடிவிட்டு, உருவாக்கும் இடத்திலேயே நீளத்தைச் சரிபாருங்கள். வெளியே (எல்லை, எண்ணிக்கை) என்று ஜோடி ஜோடியாகத் தரும் இட்டரேட்டர் ஒன்றைக் கொடுங்கள். ஒரு பக்கெட்டின் மேல் எல்லை அந்தப் பக்கெட்டுக்குள் சேர்ந்தது, கீழ் எல்லை சேராதது. சரியாக 25 என்று வரும் அளவீடு 25இல் முடியும் பக்கெட்டில்தான் விழ வேண்டும். புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு அமைப்புக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பக்கெட்டும் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியதாக இருக்க வேண்டும்; ஓப்பன்டெலிமெட்ரியில் தனித்தனி எண்ணிக்கை. நிரலகத்துக்குள் தனித்தனியாகவே வையுங்கள். சேர்த்து எண்ணுவது எக்ஸ்போர்ட்டரின் வேலை.

ஓப்பன்டெலிமெட்ரியில் இயல்பாகக் கொடுக்கப்பட்டிருக்கும் எல்லைகள் 0, 5, 10, 25, 50 என்று தொடங்கி 10000 வரை போகும் பதினைந்து. மில்லி விநாடியை மனத்தில் வைத்து அமைந்தவை. உங்கள் சீட்டு அச்சாகும் நேரத்தை விநாடியில் பதிந்தால், ஐந்து விநாடிக்குள் முடிவது எல்லாம் ஒரே பக்கெட்டில் குவிந்துவிடும். ஹிஸ்டோகிராம் என்ற பெயரில் ஒரு கவுண்ட்டர்தான் கையில் இருக்கும். எல்லைகளை நீங்களே கொடுங்கள்.

சித்தூர்ப்புழை எழுதியது:

நகரி நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திரட்டுவதன் அடிப்படையே மீண்டும் திரட்ட முடிவதுதான். கருவி திரட்டுகிறது, மையம் பல கருவிகளைத் திரட்டுகிறது, தாலுகா அளவில் பல மையங்கள். ஒவ்வொரு படியிலும் எண்கள் பொய்யாகாமல் ஒன்றுசேர வேண்டும்.

கூட்டுத்தொகை சேரும். ஒரே எல்லைகள் கொண்ட ஹிஸ்டோகிராம்கள் சேரும். எல்லைகள் வேறானால் சேராது. சம்மரி வகை மட்டும் எப்படியும் சேராது. கருவியிலேயே 99ஆம் சதமானத்தைக் கணக்கிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால், இரண்டு மையங்களின் 99ஆம் சதமானங்களைச் சராசரி எடுத்து வரும் எண் எதுவும் அல்ல. ஓப்பன்டெலிமெட்ரியில் சம்மரி இருப்பது பழைய அமைப்புகளிலிருந்து வரும் தரவை ஏற்பதற்காகத்தான். உங்கள் ஈனத்தில் அந்தக் கிளையே வேண்டாம்.

சராசரியும் அப்படியே. 7.25 டிஎம்சியை ஆண்டு முழுவதும் பரப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 230 கன அடி. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நடவு நேரத்தில் வாய்க்காலில் எவ்வளவு நீர் வரும் என்று சித்தூர் விவசாயிக்கு யாராவது சொல்ல முடியுமா? எண்ணிக்கை, கூட்டுத்தொகை, பக்கெட்டுகள் மூன்றையும் அனுப்புங்கள். சராசரி வேண்டுமென்றால், பார்க்கிறவரே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

வாளையார் எழுதியது:

எல்லைகள் முன்கூட்டித் தெரியாவிட்டால் எக்ஸ்போனென்ஷியல் ஹிஸ்டோகிராம் கைகொடுக்கும். ஸ்கேல் என்ற ஒரே எண் எல்லைகளைத் தீர்மானிக்கிறது. ஸ்கேல் 0 என்றால் ஒவ்வொரு எல்லையும் முந்தையதன் இரு மடங்கு. ஸ்கேல் 3 என்றால் ஏறத்தாழ 1.09 மடங்கு. பக்கெட்டுகள் 160க்கு மேல் போனால் ஸ்கேலை ஒன்று குறைப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு பக்கெட்டுகள் சரியாக ஒன்றாகும், எந்த அளவீடும் இடம் மாறிப் போகாது. ஆகவே இரு மையங்கள் வேறு வேறு ஸ்கேலில் இருந்தாலும் குறைந்த ஸ்கேலுக்கு இறக்கிச் சேர்த்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு உண்மையிலேயே கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் தொட்டி வெப்பநிலைபோல் குறுகிய எல்லைக்குள் அசையும் எண்ணுக்கு இது எதற்கு? கேஜ் போதும்.

நகரி எழுதியது:

டெல்டாவைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் விசைத்தறிகள். நூல் அறுந்து தறி நின்ற தடவைகளைத் தறிவாரியாக எண்ணுகிறோம். கியூமுலேட்டிவ் என்றால் ஒரு முறை தலைகாட்டிய தறியும் டிசைனும் புரோகிராம் நிற்கும்வரை நினைவகத்தில் இருந்தே தீர வேண்டும். டெல்டாவில் திரட்டி அனுப்பியதும் அட்டவணையை அப்படியே மாற்றி வைத்துவிட்டு, காலியான பழையதை அடுத்த சுற்றுக்கு மீண்டும் பயன்படுத்தலாம். எங்கள் சர்வர் அதே கொட்டகையில் கம்பி இணைப்பில் இருக்கிறது. வழியில் எதுவும் தொலைவதில்லை. எங்களுக்கு டெல்டாதான் சரி.

சித்தூர்ப்புழை எழுதியது:

உங்கள் கொட்டகைக்குச் சரி. வேலந்தாவளத்துக்குச் சரியில்லை. கோபுரம் மாறும் நேரத்தில் தரவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, "கிடைத்தது" என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால் கருவி மீண்டும் அனுப்பும். டெல்டா என்றால் அதே பால் இரண்டு முறை கணக்கில் ஏறும். அனுப்பாமல் விட்டாலோ, அந்தப் பால் கணக்கிலிருந்து என்றைக்குமாகப் போய்விடும். கியூமுலேட்டிவில் ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றும் கெடாது. இடையில் சில தொலைந்தாலும் அடுத்து வரும் எண்ணில் எல்லாம் அடங்கியிருக்கும்.

தொடக்க நேரத்தின் அருமையும் இங்கேதான் தெரியும். மின்சாரம் போய்க் கருவி மீண்டும் எழுந்தால் எண் சுழியத்திலிருந்து ஏறும். எண் குறைந்தால் மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று ஊகிப்பது புரோமிதியஸின் பழைய வழக்கம். ஆனால் கடைசியாக வந்த எண் 40. கருவி நின்று எழுந்து, இணைப்பு வருவதற்குள் 60 ஆகிவிட்டது. பார்ப்பவருக்கு 20 கூடியதாகத்தான் தெரியும். உண்மையில் 60 கூடியிருக்கிறது. தொடக்க நேரம் கூடவே வந்தால் ஊகிக்கவே வேண்டாம்.

வாளையார் எழுதியது:

நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுக்கொன்று எதிரானது அல்ல. டெல்டாவா கியூமுலேட்டிவா என்பது எக்ஸ்போர்ட்டர் தேர்ந்தெடுக்கும் விருப்பமாக இருக்கட்டும். திரட்டும் பகுதி அதற்கேற்ப நடந்து, தேர்வைத் தரவின் மேலேயே எழுதிவிடட்டும். ஓப்பன்டெலிமெட்ரி அப்படித்தான் வைத்திருக்கிறது.

தம்பிக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். கியூமுலேட்டிவ் எடுத்துக்கொண்டால் உறுப்பினர் எண்ணை ஆட்ரிபியூட்டாக வைக்காதீர்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு புள்ளி உருவாகி அழியாமல் நிற்கும். ஓப்பன்டெலிமெட்ரி ஒரு மெட்ரிக்குக்கு இயல்பாக 2000 ஆட்ரிபியூட் சேர்க்கைகளோடு நிறுத்தி, மிஞ்சியவற்றை ஒரே "வழிந்தவை" புள்ளியில் சேர்க்கிறது. உங்கள் கருவிக்கு அதுவே மிக அதிகம். தவிர, எந்த வீட்டில் எவ்வளவு பால் கறந்தது என்பது டெலிமெட்ரியில் போக வேண்டிய செய்தி அல்ல. அது சங்கத்தின் பேரேட்டுக்குரியது. மையம், வேளை, பசுவா எருமையா என்பதோடு நிறுத்துங்கள்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதத் தொடங்கிவிட்டேன். வெளியே எண் வகை, உள்ளே நான்கு கிளைகள். பால் மில்லி லிட்டரில் குறியில்லா முழு எண், கியூமுலேட்டிவ், ஏறு முகம் மட்டும். வெப்பநிலை கேஜ், தொடக்க நேரமும் இல்லை, ஏறு முகக் குறிப்பும் இல்லை. அதைக் கூட்டுத்தொகை ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார்த்தேன், கம்பைல் ஆகவில்லை. மூன்று தொட்டிகளும் இப்போது மூன்று புள்ளிகளாகவே போகின்றன.

கடைசியாக ஒரு சந்தேகம். பழைய வடிவத்தில் சேமித்து, இன்னும் அனுப்பாத பதிவுகள் சில கருவிகளில் இருக்கின்றன. அவற்றில் கூட்டுத்தொகை உண்டு, தொடக்க நேரம் காலி. கருவியை நிறுவிய தேதியைப் போட்டுவிடலாமா?

சித்தூர்ப்புழை எழுதியது:

போடாதீர்கள். நிறுவிய பிறகு எத்தனை முறை மின்சாரம் போனதோ யாருக்குத் தெரியும்? தொடக்க நேரத்தைச் சுழியமாக விட்டால் "தெரியாது" என்று பொருள். புரோட்டோகாலும் அதை அப்படித்தான் படிக்கும். வாங்கும் பக்கத்தில் முதல் புள்ளியை அடிப்படையாக மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாவது புள்ளியிலிருந்து வேறுபாட்டைக் கணக்கிடச் சொல்லுங்கள். எண் இறங்கும் இடத்தில் கருவி மீண்டும் எழுந்ததாகக் கொள்ளலாம்; பழைய பதிவுகளுக்கு அதற்கு மேல் வழியில்லை. புது வடிவத்தில் தொடக்க நேரம் கட்டாயப் புலமாக இருப்பதால், அந்தப் பழைய பதிவுகளை மாற்றும் ஃபங்ஷன் ஒன்றுக்கு மட்டும் சுழியம் போட அனுமதி கொடுங்கள். பதிவுகள் தீர்ந்ததும் அந்த ஃபங்ஷனையும் நீக்கிவிடுங்கள்.